பாவப் பட்டியலின் கதை

தம்பிரான் வணக்கத்தைத் தமிழ் படித்த எல்லோரும் கேள்விப்பட்டிருப்பார்கள். 1578இல் கொல்லத்தில் அச்சான 16 பக்கப் புத்தகம். போட்டித் தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகளுக்கு ஆண்டோடு மனப்பாடம். மறு ஆண்டு கொச்சியில் வந்த கிரிசித்தியானி வணக்கத்தையும் சிலர் சேர்த்துச் சொல்வார்கள். அதற்கும் மறு ஆண்டு, 1580இல், அந்த இரண்டையும் கொண்டுவந்த இயேசு சபைக் குரு அண்டிரிக்கி அடிகளார் அதே கொச்சியில் அச்சிட்ட கொம்பெசியனாயருவை மட்டும் யாரும் சொல்வதில்லை. பெயர் வாயில் நுழையாதது ஒரு காரணமாக இருக்கலாம். வெகுகாலம் அது தொலைந்துபோன புத்தகம் என்றே கணக்கு. ஆக்ஸ்ஃபோர்டின் போட்லியன் நூலகத்தில் ஒரு படி இருப்பதை கிரஹாம் ஷா 1982இல் எழுதிய பிறகுதான் ஆராய்ச்சியாளர்கள் அதைப் புரட்டத் தொடங்கினார்கள்.

எதை நம்ப வேண்டும், எப்படி ஜெபிக்க வேண்டும் என்று வணக்கப் புத்தகங்கள் சொல்லும். கொம்பெசியனாயரு வேறு வேலைக்கானது. பாவங்களைக் குருவிடம் சொல்லி மன்னிப்புப் பெறுவதுதான் பாவசங்கீர்த்தனம். அதைச் செய்ய வருகிறவனுக்கும் கேட்கிற சாமிக்கும், அதாவது குருவுக்கும், பொதுவான கையேடு அது. பத்துக் கட்டளைகளையும் வரிசையாக எடுத்து, ஒவ்வொன்றின் கீழும் இது செய்தாயா, அது செய்தாயா என்று கேட்டுக்கொண்டே போகும் ஐரோப்பியக் கையேடுகளின் வார்ப்பில் வந்த தமிழ்ப் பிள்ளை.

எனக்கு அந்தப் புத்தகத்தின்மேல் தனிப் பிரியம். நான் முத்துக்குளித்துறைக்காரி. என் தாத்தா ஊர்க் கோயிலில் உபதேசியார். முதல் முறையாக நற்கருணை, எங்கள் பேச்சில் புதுநன்மை, வாங்கப் போகிற பிள்ளைகளை மணலில் உட்காரவைத்து ஆத்தும சோதனை சொல்லிக் கொடுத்தவர் அவர்தான். அம்மாவை எதிர்த்துப் பேசினாயா? ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் பிந்திப் போனாயா? அடுத்த வீட்டுக் கருவாட்டில் கை வைத்தாயா? எத்தனை தடவை? விரல்விட்டு எண்ணிக்கொண்டே போய், சாமி உட்கார்ந்திருக்கும் மரத் தொட்டியருகே முழங்காலிடுவோம். பின்னாளில் கல்லூரியில் வரலாறு சொல்லித்தரும் வேலைக்குப் போனபோதுதான் நாங்கள் ஒப்பித்த பட்டியலுக்கு நானூறு ஆண்டு வயது என்று தெரிந்தது. அந்தக் கேள்விகள் எங்கிருந்து வந்தன என்று தேடப்போனவள், எந்தக் கேள்வி எங்களிடம் கேட்கப்படவே இல்லை என்பதில் போய் முட்டிக்கொண்டேன்.

பட்டியலுக்கு முன்னால் சட்டம். இயேசுவும் முதல் சீடர்களும் யூதர்கள். மோசேயின் சட்டத்துக்குள் பிறந்து வளர்ந்தவர்கள். யூதரல்லாதவர்கள் கூட்டத்தில் சேரத் தொடங்கியதும், அவர்களும் விருத்தசேதனம் செய்துகொள்ள வேண்டுமா, உணவு விலக்குகளைக் கைக்கொள்ள வேண்டுமா என்று தகராறு வந்தது. ஏறக்குறைய கி.பி. 49இல் எருசலேமில் கூடிய பெரியவர்கள் விருத்தசேதனம் தேவையில்லை என்று தீர்த்தார்கள். சிலைகளுக்குப் படைத்தது, இரத்தம், கழுத்தை நெரித்துக் கொன்றது, வேசித்தனம் ஆகியவற்றை விலக்கினால் போதும். தீர்ப்பு வந்த கையோடு தகராறு ஓய்ந்துவிடவில்லை. அந்தியோக்கியாவில் யூதரல்லாதவர்களோடு ஒரே பந்தியில் சாப்பிட்டுக்கொண்டிருந்த பேதுரு, எருசலேமிலிருந்து ஆட்கள் வந்ததும் நைசாக விலகிக்கொண்டாராம். பவுல் எல்லோர் முன்னிலையிலும் அவரைக் கண்டித்தார். கலாத்தியருக்கு எழுதிய திருமுகத்தில் அதை அவரே சொல்கிறார். பந்தியில் யார் யாரோடு உட்காருவது என்ற சங்கடத்தோடுதான் இந்த மதம் பிறந்தது என்பதை நம் ஊர்ப் பிரசங்கங்களில் நான் அதிகம் கேட்டதில்லை.

பவுலின் வாதத்தைச் சுருக்கினால், சட்டம் பாவத்தைக் காட்டிக்கொடுக்கும். அதைத் தீர்க்கிற சக்தி அதற்கு இல்லை. தீர்ப்பது கடவுளின் அருள். ஆனால் அதே பவுல், யார் யார் விண்ணரசுக்குள் நுழைய முடியாது என்று நீளமான பட்டியல்களும் கொடுத்திருக்கிறார். சடங்குச் சட்டம் போனது, பத்துக் கட்டளை நின்றது.

அந்தப் பத்தை எண்ணுவதில்கூட கிறிஸ்தவர்கள் ஒத்துப்போகவில்லை. கத்தோலிக்கர்களும் லூத்தரன்களும் அகுஸ்தீனாரின் கணக்குப்படி எண்ணுகிறார்கள். ஆங்கிலிக்கன், சீர்திருத்த சபைகள் சிலை செய்யாதே என்பதைத் தனியாக இரண்டாம் கட்டளையாக்கிவிட்டன; கடைசி இரண்டையும் ஒன்றாக்கிப் பத்தைச் சரிக்கட்டின. ஆகவே விபசாரம் எங்களுக்கு ஆறாவது, ஆங்கிலிக்கன் வழிவந்த பக்கத்து ஊர் சி.எஸ்.ஐ.காரர்களுக்கு ஏழாவது. எங்கள் கல்லூரியில் ஒரு முறை இரண்டு ஆசிரியைகள் ‘அவன் ஆறாம் கட்டளையை மீறியவன்’ என்று ஒருவரைப் பற்றிப் பேசிக்கொண்டதில், ஒருத்தி அவனைக் கொலைகாரன் என்றே நினைத்துப் பயந்துபோனாள்.

ஞானஸ்நானம் முன்செய்த பாவமெல்லாம் கழுவிவிடும். அதற்குப் பிறகு செய்தால்? முதல் நூற்றாண்டுகளுக்கு இதுதான் தீராத தலைவலி. இன்னும் ஒரே ஒரு தடவை வாய்ப்பு உண்டு என்பது இரண்டாம் நூற்றாண்டில் ரோமாபுரியில் எழுதப்பட்ட எர்மாஸின் மேய்ப்பன் என்ற நூலின் பதில். கொலை, விபசாரம், விசுவாச மறுதலிப்பு ஆகிய மூன்றுக்கும் மன்னிப்பே கிடையாது என்று வாதிட்டவர்களும் உண்டு.

250இல் டேசியஸ் பேரரசன் போட்ட உத்தரவு இந்தக் கேள்வியைத் தெருவுக்கு இழுத்துவந்தது. குடிமக்கள் எல்லோரும் தேவர்களுக்குப் பலியிட்டு, அதிகாரியிடம் சான்றுச் சீட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். எகிப்து மணலில் அப்படிப்பட்ட பாப்பிரஸ் சீட்டுகள் நாற்பதுக்கு மேல் கிடைத்திருக்கின்றன. கிறிஸ்தவர்களில் சிலர் மறுத்துச் சிறைக்குப் போனார்கள், பலர் பயந்துபோய்ப் பலியிட்டார்கள். இன்னும் சிலர் அதிகாரிக்குக் கையூட்டுக் கொடுத்துப் பலியிடாமலே சீட்டை மட்டும் வாங்கி வைத்துக்கொண்டார்கள். (இந்த மூன்றாம் வகையைப் படிக்கும்போது எனக்குச் சொந்தக்காரர்களைப் பார்த்த மாதிரி இருக்கும்.) அலை ஓய்ந்ததும் எல்லோரும் கோயில் வாசலுக்கு வந்து நின்றார்கள். சிறையில் வாடிய விசுவாசிகளோ இன்னாரை மன்னித்துச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று பரிந்துரைச் சீட்டு எழுதித் தரத் தொடங்கினார்கள். பாவத்துக்கு ஒரு சீட்டு, மன்னிப்புக்கு ஒரு சீட்டு. கார்த்தேஜ் ஆயர் சிப்பிரியனுக்குக் கோபம் வந்துவிட்டது. அவரே அந்த நாளில் ஒளிந்திருந்தவர் என்பதால் கோபத்துக்கு மதிப்புக் குறைவாகத்தான் இருந்தது. கடைசியில் 251இல் ஆயர்கள் கூடி, சீட்டு மட்டும் வாங்கியவன் குற்றம் இலேசு, பலியிட்டவன் குற்றம் கனம் என்று தரம் பிரித்தார்கள். ரோமில் நொவாசியன் என்பவர் எந்தத் தரத்துக்கும் மன்னிப்பு இல்லை என்று சொல்லித் தனிச் சபை கண்டார்.

அப்படித் தரப்பட்ட மன்னிப்பும் இலேசில் கிடைக்கவில்லை. பாவி சாக்குடை உடுத்திச் சாம்பல் பூசிக் கோயில் வாசலில் நின்று, உள்ளே போகிறவர்களிடம் எனக்காக வேண்டிக்கொள்ளுங்கள் என்று கெஞ்ச வேண்டும். ஆண்டுக்கணக்கில் நீளும். முடிந்த பிறகும் படையில் சேர முடியாது, தாம்பத்தியம் கூடாது என்று ஆயுளுக்கும் தடைகள் தொடரும். வாழ்நாளில் ஒரு தடவைதான் இந்த வாய்ப்பு என்பதால் ஜனங்கள் கணக்குப் போட்டார்கள். தவத்தைச் சாகும்வரை தள்ளிப்போட்டார்கள். ஞானஸ்நானத்தையே தள்ளிப்போட்டவர்களும் உண்டு. கான்ஸ்டன்டைன் பேரரசன் 337இல் மரணப் படுக்கையில்தான் ஞானஸ்நானம் வாங்கினான். அகுஸ்தீனாருக்குச் சிறுவயதில் நோய் வந்து பிழைத்ததும், இவன் இன்னும் பாவம் செய்வானே என்று ஞானஸ்நானத்தைத் தள்ளிவைத்தாள் தாய் மோனிகா. 390இல் தெசலோனிக்காவில் ஆயிரக்கணக்கானோரைக் கொல்லவைத்த தியோடோசியஸ் பேரரசனை மிலான் ஆயர் அம்புரோஸ் நற்கருணைக்குச் சேர்க்க மறுத்து, எல்லோரும் பார்க்கத் தவம் செய்யவைத்தார். அரசனானாலும் பாவம் ஊரறிய, மன்னிப்பும் ஊரறிய.

காதோடு காதாகச் சொல்லும் வழக்கம் அயர்லாந்துத் துறவிகள் தந்தது. ஆறாம் நூற்றாண்டில் ஃபின்னியன், அவருக்குப் பின் கொலும்பானுஸ் ஆகியோர் எழுதிய சிறு கையேடுகளில் இன்ன பாவத்துக்கு இத்தனை ஆண்டு, இத்தனை நாள் ரொட்டியும் தண்ணீரும் என்று விலைப்பட்டியல் போல எழுதியிருக்கும். ஒரே பாவத்தைக் குருவானவர் செய்தால் பாமரனைவிட அதிகத் தண்டனை என்ற நியாயம் அவற்றில் எனக்குப் பிடித்த பகுதி. எத்தனை தடவை விழுந்தாலும் எழுந்து வரலாம் என்பது இந்த முறையின் பெரிய கருணை. பழைய முறைக்காரர்களுக்கு அது பிடிக்கவில்லை. 589இல் தொலேதோவில் கூடிய ஆயர்கள், விழுந்து விழுந்து மன்னிப்புக் கேட்பதை அருவருப்பான துணிச்சல் என்று கண்டித்தார்கள். 829இல் பாரிசில் கூடியவர்கள் அந்தக் கையேடுகளைக் கொளுத்தச் சொன்னார்கள். பயனில்லை, அவை பரவிவிட்டன. நோன்பிருக்க முடியாதவன் அதற்குப் பதிலாகச் சங்கீதம் சொல்லலாம், காசு கொடுக்கலாம் என்ற மாற்று வழிகளும் கூடவே பரவின.

1215இல் நான்காம் லாத்தரன் சங்கம் இதை எல்லோருக்கும் கட்டாயமாக்கியது. புத்தி விவரம் வந்த ஆணும் பெண்ணும் ஆண்டுக்கு ஒரு தடவையாவது சொந்தப் பங்குக் குருவிடம் பாவசங்கீர்த்தனம் செய்து, பாஸ்கு (ஈஸ்டர்) காலத்தில் நன்மை வாங்க வேண்டும். செய்யாதவனுக்கு உயிரோடு இருக்கும்போது கோயில் இல்லை, செத்தால் கிறிஸ்தவக் கல்லறை இல்லை. கேட்ட பாவத்தை வெளியே சொன்ன குருவுக்குப் பதவி பறிப்பும், ஆயுள் முழுக்க மடத்தில் அடைபட்டுத் தவமும். எங்கள் ஊரில் பாஸ்குக் கடன் தீர்ப்பது என்று சொல்கிறோமே, அந்தக் கடன் எழுதப்பட்ட நாள் இது. கட்டாயம் வந்ததும் குருக்களுக்குக் கையேடு தேவைப்பட்டது. எதைக் கேட்பது, எப்படிக் கேட்பது, எது சாவான பாவம், எது அற்பப் பாவம் என்று விளக்கும் புத்தகங்கள் பெருகின. அவற்றில் பேர்போனது ஆஞ்செலோ கார்லெத்தி எழுதிய சும்மா ஆஞ்செலிக்கா.

1520 டிசம்பர் 10ஆம் தேதி விட்டன்பர்க் நகர வாசலுக்கு வெளியே மார்ட்டின் லூத்தர் நெருப்பு மூட்டிப் போப்பின் ஆணையை எரித்தார் என்று பாடப் புத்தகங்களில் வரும். கூடவே திருச்சபைச் சட்டப் புத்தகங்களும் இந்தச் சும்மா ஆஞ்செலிக்காவும் எரிந்தன. மடத்தில் இருந்த காலத்தில் மணிக்கணக்காகப் பாவங்களைச் சொல்லிவிட்டு, எதையோ விட்டுவிட்டோம் என்று பயந்து திரும்பவும் ஓடிவந்தவர் லூத்தர். பட்டியலை முழுமையாக ஒப்பித்தால்தான் மன்னிப்பு என்பது மனிதனை நம்பிக்கையிழக்கச் செய்யும் என்பது அவர் உடம்பால் அறிந்தது. பாவத் தண்டனையைக் குறைக்கும் பலன்களைக் காசுக்கு விற்றதை எதிர்த்ததைவிட இந்தக் கோபம் ஆழமானது என்றே எனக்குத் தோன்றும். ஆனாலும் அவர் பாவசங்கீர்த்தனத்தை விட்டுவிடவில்லை; சாகும்வரை நண்பர் பூகன்ஹாகனிடம் செய்துவந்தார். கட்டாயம் வேண்டாம், எண்ணிக்கை வேண்டாம், மன்னித்தேன் என்று கடவுளின் பெயரால் ஒருவர் சொல்வதைக் கேட்பது மட்டும் வேண்டும். அதுதான் அவர் நிலை.

கத்தோலிக்கத் தரப்பு 1551இல் திரெந்து சங்கத்தில் நேர் எதிராகக் கட்டை இறுக்கியது. குரு ஒரு நீதிபதி. வழக்கு விவரம் தெரியாமல் தீர்ப்புச் சொல்ல முடியாது. எனவே சாவான பாவங்கள் எல்லாவற்றையும் வகையாகவும் எண்ணிக்கையாகவும் சூழ்நிலையோடும் சொல்ல வேண்டும். பிறகு மிலான் பேராயர் கார்லோ பொரொமேயோ நடுவில் தட்டி வைத்த மரத் தொட்டியை எல்லாக் கோயில்களிலும் வைக்கச் சொன்னார். பெண்கள் பாவசங்கீர்த்தனம் செய்யும்போது கை நீட்டிய குருக்களைப் பற்றிய புகார்கள் அந்தக் காலத்து விசாரணை மன்றங்களில் குவிந்திருந்தன. தட்டியில் பக்தி பாதி, எச்சரிக்கை பாதி.

இனி எங்கள் கரைக்கு வருகிறேன். முத்துச் சலாபத்துத் தகராறில் போர்ச்சுக்கீசியரின் பாதுகாப்புத் தேடிக் கொச்சிக்குப் போன பட்டங்கட்டிகளை, அதாவது ஊர்த்தலைவர்களை, தொடர்ந்து, 1536ஐ ஒட்டிய சில ஆண்டுகளுக்குள் பரதவர்கள் கூட்டம் கூட்டமாக ஞானஸ்நானம் வாங்கினார்கள். இருபதாயிரம் பேர் என்று பொதுவாகச் சொல்வார்கள். சொல்லித்தர ஆளில்லை, மொழி தெரிந்த சாமி ஒருவரும் இல்லை. 1542 அக்டோபரில் வந்திறங்கிய பிரான்சிஸ் சவேரியார், சிலரை வைத்து ஜெபங்களைத் தமிழாக்கி மனப்பாடம் செய்து, மணியடித்துக்கொண்டு தெருத்தெருவாகப் போய்ச் சொல்லிக்கொடுத்தார். 1544 ஜனவரியில் கொச்சியிலிருந்து எழுதிய கடிதத்தில் தம் முறையை விவரிக்கிறார். ஒரு கட்டளையைச் சொல்வார், ஜனங்கள் திருப்பிச் சொல்வார்கள். உடனே, இந்தக் கட்டளையைக் கைக்கொள்ள வரம் தாரும் என்று எல்லோரும் சேர்ந்து வேண்டுவார்கள். அப்புறம்தான் அடுத்தது. பவுலின் இறையியலைக் கடற்கரைப் பிள்ளைகளுக்கு இதைவிட எளிதாக யாராலும் சொல்லியிருக்க முடியாது.

அதே ஆண்டு அதே சவேரியார் மான்சிலாஸ் என்ற துணைவருக்கு எழுதிய கடிதங்களில் வேறு முகம். சாராயம் குடிக்கிற பெண்களுக்கு அபராதம் போடு, சிறையில் வை, பட்டங்கட்டிகளை எச்சரி என்கிறார். குடிக்கிற ஆண்களை விட்டுவிட்டுப் பெண்களை ஏன் பிடித்தார் என்று வகுப்பில் பெண்பிள்ளைகள் கேட்பார்கள். வருகிற ஆண்டெல்லாம் கேட்பார்கள். நானும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.

அண்டிரிக்கி அடிகளார், அதாவது என்ரிக்கே என்ரிக்கஸ், 1547 வாக்கில் இந்தக் கரைக்கு வந்தார். முன்னோர் யூதர்கள் என்பதால் பிரான்சிஸ்கன் சபை அவரை வெளியே அனுப்பியிருந்தது. ஞானஸ்நானம் கழுவாத ஏதோ ஒன்று இரத்தத்தில் உண்டு என்று நம்பிய ஐரோப்பா அது. இயேசு சபை சேர்த்துக்கொண்டது. புன்னைக்காயலில் தங்கித் தமிழ் கற்று, மொழிபெயர்ப்பாளர் இல்லாமல் பிரசங்கம் செய்கிற, பாவசங்கீர்த்தனம் கேட்கிற நிலைக்கு வந்தார். அதுவரை நடந்ததை நினைத்தாலே பகீரென்கிறது. சாமி ஒரு பக்கம், பாவி ஒரு பக்கம், நடுவில் ஊர்க்காரர் ஒருவர் பாவத்தைப் போர்ச்சுக்கீசில் சொல்லிக்கொண்டு! லாத்தரன் சங்கம் சாமியின் வாயைத்தான் கட்டியது. எங்கள் ஊர் மொழிபெயர்ப்பாளரின் வாயை யார் கட்டுவது? அண்டிரிக்கி இலக்கணம் எழுதியதும் கையேடு அச்சிட்டதும் இந்த முட்டுக்கட்டையை நீக்கத்தான். தமிழ் அரைகுறையாகத் தெரிந்த சாமிகூடப் புத்தகத்தைப் பார்த்துக் கேள்வி கேட்கலாம்; வருகிறவன் ஆம், இல்லை, இத்தனை தடவை என்றால் போதும். தமிழ் அச்சுக்கலை இப்படித்தான் கண் திறந்தது. 1600இல் அவர் இறந்தபோது கரை முழுக்க அழுதது என்பார்கள்.

கேள்வித்தாள் வசதியானது. ஆனால் அதில் இல்லாததற்கு யாரும் பதில் எழுதமாட்டார்கள்.

தொண்டைமண்டலம், மதுரைச் சீமை என்று மிஷன் உள்நாட்டுக்குள் போனபோது சாதி நேருக்கு நேர் வந்து நின்றது. 1606இல் மதுரைக்கு வந்த இயேசு சபைக் குரு நொபிலி பிராமணத் துறவி போல வாழ்ந்தார். மற்றவர்களுக்காகப் பண்டாரசாமிகள் என்று வேறு வகைக் குருக்கள் வந்தார்கள். கைநிறையப் புண்ணியம் செய்தவர்கள்தான். உயிரையே கொடுத்தவர்களும் உண்டு. அருளானந்தர் 1693இல் ஓரியூரில் வெட்டுண்டார். ஆயினும் சாகக் கிடக்கிற பறையர் வீட்டுக்குள் நுழைந்து பாவசங்கீர்த்தனம் கேட்கச் சாமிகள் தயங்கினார்கள். நுழைந்தால் மேல்சாதி விசுவாசிகள் போய்விடுவார்கள் என்ற பயம். நோயாளியை வேறோர் இடத்துக்குத் தூக்கிவரச் செய்து அங்கே தேவதிரவிய அனுமானங்களை, அதாவது அருட்சாதனங்களை, கொடுத்தார்கள்.

1703 நவம்பரில் புதுச்சேரிக்கு வந்த போப்பின் தூதர் தெ தூர்னோன், நடமாட முடியாத நோயோடு சில மாதங்கள் அங்கே தங்கி விசாரித்து, 1704இல் 16 அம்ச ஆணை ஒன்றைப் பிறப்பித்தார். பறையர்களின் வீட்டுக்கே போய் நோயாளிகளுக்கு மன்னிப்பு வழங்க வேண்டும் என்பது அதில் ஒன்று. மாதவிலக்கில் இருக்கிற பெண்களைக் கோயிலுக்கும் பாவசங்கீர்த்தனத்துக்கும் வரவிடாமல் தடுக்கக் கூடாது என்பது இன்னொன்று. தாலி, பூப்பு நீராட்டு, திருநீறு பற்றிய அவருடைய மற்ற தடைகளில் பாதி எனக்கு ஒப்பில்லை; வந்து சில மாதத்தில் ஒரு நாட்டின் வழக்கத்துக்கெல்லாம் தீர்ப்பெழுதியவர். ஆனால் இந்த இரண்டு அம்சங்களில் எங்கள் சாமிகளைவிடச் சரியாகப் பார்த்தவர் அந்த வெளிநாட்டுத் தூதர்தான். சண்டை நாற்பது ஆண்டு நீண்டது. 1744இல் போப் 14ஆம் பெனடிக்ட் ஒரு சமரசத்துக்கு வந்தார். பறையர்களுக்கென்றே தனியாகக் குருக்களை ஒதுக்குவது என்ற இயேசு சபையின் யோசனையை ஏற்றுக்கொண்டார். வீட்டு வாசலைத் தாண்டிப் போக ஆள் கிடைத்தது. வாசல் இடிபடவில்லை.

புராட்டஸ்டண்டுகள் ஒன்றும் மேலில்லை. 1706இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கு, தனிப் பாவசங்கீர்த்தனம் வெறும் சடங்காகிவிட்டது என்று சலித்துப்போன ஜெர்மன் பக்தி இயக்கத்தின் பிள்ளை. பெர்லினில் அந்தச் சலிப்பு பெரிய சண்டையாகி, 1698இல் ஆட்சியாளரே தலையிட்டுத் தனிப் பாவ அறிக்கையை அவரவர் விருப்பத்துக்கு விட்டார். சபையாகச் சேர்ந்து பாவத்தை அறிக்கையிடும் முறை இங்கேயும் ஊன்றியது. ஆனால் அறிக்கையை முடித்துவிட்டு அதே கிண்ணத்தில் குடிக்க வேண்டுமே! திருவிருந்தில் முதலில் வெள்ளாளர் குடிப்பது, பிறகு மற்றவர்கள் என்று வழக்கம் படிந்தது. 1833இல் கல்கத்தா ஆயர் டேனியல் வில்சன் சாதி வேற்றுமையை உடனடியாக ஒழிக்கச் சுற்றறிக்கை விட்டதும், தஞ்சையிலும் வேப்பேரியிலும் வெள்ளாளக் கிறிஸ்தவர்கள் பெருந்தொகையாக வெளியேறினார்கள். பாவமன்னிப்பைப் பற்றி எத்தனையோ கீர்த்தனைகள் பாடிய தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் சாதி வழக்கங்களுக்காக வாதாடி எழுதியதும் இந்தச் சாதிச் சண்டைக் காலத்தில்தான்.

திருநெல்வேலிச் சீமையில் வடக்கன்குளம் கோயிலின் கதை பலருக்குத் தெரியும். வெள்ளாளருக்கும் நாடார்களுக்கும் தனித்தனியாக இரண்டு நீண்ட கூடங்கள், அவை சேருகிற இடத்தில் பீடம். பூசை வைக்கிற சாமிக்கு மட்டும் இரண்டு பக்கமும் தெரியும். 1910இல் பங்குச்சாமி கௌசானல் நடுச்சுவரை இடித்தார். சுவர் வேண்டும் என்று வெள்ளாளர்கள் வழக்குப் போட்டு, சென்னை உயர் நீதிமன்றம்வரை போய்த் தோற்றார்கள். அந்த ஆண்டுகளிலும் தவக்காலத்தில் அவர்கள் பாவசங்கீர்த்தனம் செய்திருப்பார்கள். சுவரைப் பற்றி யாராவது சொல்லியிருப்பார்களா? சொல்லியிருக்க மாட்டார்கள் என்று எண்ணுகிறேன். பட்டியலில் அது இல்லை.

அடுத்த ஊரைச் சொல்லிவிட்டு எங்கள் ஊரை விட்டால் நியாயமாகாது. பரதவருக்குள்ளேயே மேசைக்காரர், கம்மாரக்காரர் என்ற பிரிவும், தூத்துக்குடிக் கோயிலில் சாதித்தலைவனுக்கும் மேசைக்காரர்களுக்கும் இருந்த தனி மரியாதைகளும் கரையில் எல்லோரும் அறிந்தவை. என் தாத்தா நல்ல மனிதர். திருடிய பொருளைத் திருப்பிக் கொடுக்காதவனுக்குச் சாமி பாவப்பொறுத்தல் கொடுத்தாலும் செல்லாது என்று தீர்மானமாகச் சொல்வார். ஆத்தும சோதனை, மனஸ்தாபம் (செய்ததற்கு வருந்துவது), பிரதிக்கினை, பாவசங்கீர்த்தனம், அபராதம் தீர்த்தல் ஆகிய ஐந்தும் சேர்ந்தால்தான் நல்ல பாவசங்கீர்த்தனம். ஐந்தாவதில் அவர் கறார். மணலில் அவர் எங்களிடம் கேட்ட அத்தனை கேள்விகளில், எங்கள் வீட்டில் வேலை செய்தவர்களுக்குத் தனிக் குவளை வைத்திருந்தது பற்றி ஒன்றுகூட இல்லை.

இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகு 1973இல் புதிய முறை வந்தது. ஒப்புரவு அருட்சாதனம் என்று பெயர் மாறியது; முகம் பார்த்து உட்கார்ந்து பேசலாம், கூட்டாக ஆயத்த வழிபாடு நடத்தலாம். தொட்டிகள் பல கோயில்களில் துடைப்பமும் பந்தல் துணியும் வைக்கிற இடமாகிவிட்டன. 2018இல் கேரளத்தில் சில குருக்கள் மீது வந்த குற்றச்சாட்டை ஒட்டி, பாவசங்கீர்த்தனத்தையே ஒழிக்க வேண்டும் என்று தேசிய மகளிர் ஆணையம் பரிந்துரைத்தபோது எங்கள் ஊரில் ஆவேசப்பட்டவர்களில் பலர் அந்தப் பக்கம் போய் வெகுநாள் ஆனவர்கள். ஆணையம் சொன்ன மருந்து எனக்கு ஒப்பில்லை. ஆனால் தட்டி வைத்த காலத்திலிருந்து தெரிந்த நோய்தான் அது என்பதை எங்கள் ஆட்களும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

சாதியைப் பற்றி மேலிடத்திலிருந்து தெளிவாகவே பேசிவிட்டார்கள். 2003 நவம்பரில் தமிழக ஆயர்களிடம் போப் இரண்டாம் ஜான் பால் கண்டித்துப் பேசினார். 2016 டிசம்பரில் இந்திய ஆயர் பேரவை தலித் மக்களுக்கான கொள்கை ஆவணம் ஒன்றை வெளியிட்டு, தீண்டாமை பெரிய பாவம் என்றும் அது திருச்சபைக்குள்ளும் இருக்கிறது என்றும் எழுத்தில் ஒப்புக்கொண்டது. நடுவில் 2008இல் அன்றைய விழுப்புரம் மாவட்டம் எறையூரில் தலித் கிறிஸ்தவர்களுக்கும் வன்னியக் கிறிஸ்தவர்களுக்கும் ஏற்பட்ட மோதலில் போலீஸ் சுட்டு இரண்டு பேர் இறந்திருந்தார்கள்.

எங்கள் பங்கில் தவக்காலத்துக்கு ஆத்தும சோதனைத் தாள் அச்சடித்துக் கொடுப்பது வழக்கம். இப்போது இருப்பவர் இளம் சாமி. “சாதியைச் சேருங்க ஃபாதர்” என்று நான் நச்சரித்ததில் சேர்த்துவிட்டார். ஐந்தாம் கட்டளை, கொலை செய்யாதே என்பதன் கீழ், பகைமை, பொறாமை, கைபேசியில் அவதூறு பரப்புதல் ஆகியவற்றுக்கு அடுத்து ஒரு வரி. தாளை வாங்கிப் பார்த்துவிட்டு நேரே சாமியின் அறைவீட்டுக்குப் போனேன்.

“ஏழாவதுல போடுங்க ஃபாதர்.”

“களவுலயா? எப்படி டீச்சர்?”

“பகைன்னா மனஸ்தாபப்பட்டுப் போயிரலாம். களவுன்னா எடுத்ததைத் திருப்பிக் குடுக்கணும்லா?”

அவர் சிரித்துவிட்டு, இந்த ஆண்டுத் தாள் விநியோகம் ஆகிவிட்டது, அடுத்த ஆண்டு பார்க்கலாம் என்றார். ஆலோசனைக் குழுவில் வைக்க வேண்டுமாம். குழுவில் இருப்பவர்களை எனக்குத் தெரியும். நிலத்துக்கும் கல்லறைக்கும் தேர் இழுக்கிற உரிமைக்கும் கணக்குக் கேட்கிற வரி எது என்று பார்த்தவுடன் கண்டுபிடித்துவிடுவார்கள். பக்கத்து ஊர் சி.எஸ்.ஐ. ஐயரம்மாவிடம் இதைச் சொன்னேன். அவர்கள் சபையிலும் தாள் போடுகிறார்களாம். அங்கே போட்டால் அது எட்டாவது கட்டளை.